இமயத்தைத் தாண்டி வரும் விருந்தாளி!

மார்கழி மாதத்து விடியற்காலை. பனி இன்னும் விலகவில்லை. நெல்லைச் சீமையில் ஒரு குளத்தங்கரை. நாலைந்து பேர் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். பேச்சு மூச்சு இல்லை. எல்லோருடைய கண்ணும் வானத்திலேயே இருக்கிறது.

தூரத்தில் ஒரு குரல் கேட்கிறது. ஊதல் ஊதுவது போன்ற குரல். பின்னால் இன்னும் பல குரல்கள். சற்று நேரத்தில் வானத்தில் ஒரு வரிசை தெரிகிறது. அம்பு முனையைப் போல வளைந்த வரிசை. இரவெல்லாம் வயலில் மேய்ந்த கூட்டம் குளத்துக்குத் திரும்பி வருகிறது.

ஒருவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து எண்ணுகிறார். இன்னொருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். நாள், நேரம், இடம், எண்ணிக்கை எல்லாம் அதில் ஏறுகின்றன. கொஞ்ச நேரத்துக்குள் அந்தச் செய்தி கைப்பேசி வழியாகப் பல ஊர்களுக்குப் பறக்கிறது.

"வந்துவிட்டன!"

இந்த ஒரு சொல்லுக்காகவே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். அப்படி வந்த விருந்தாளி யார்?

தலையில் இரண்டு கோடு

அதன் பெயர் வரித்தலை வாத்து. வீட்டில் வளர்க்கும் வாத்து அல்ல, காட்டு வாத்து. உடம்பு வெளிர் சாம்பல் நிறம். தலை வெள்ளை. பின்னந்தலையில் கறுப்பாக இரண்டு பட்டைக் கோடுகள். யாரோ மை தொட்டு இழுத்தது போல இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். அலகும் காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். எடை இரண்டு அல்லது மூன்று கிலோ.

புல், பயிர்த் தளிர், சிந்திய தானியம், இவைதான் அதன் ஆகாரம். பகலில் தண்ணீருக்கு நடுவே கூட்டமாக இளைப்பாறும். இருட்டிய பிறகு வயல் பக்கம் மேயப் போகும்.

இதன் சொந்த வீடு தமிழ்நாடு அல்ல. மங்கோலியா, திபெத்து, சீனாவின் சிங்காய் ஏரி, இவைதான் இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடங்கள். அங்கே குளிர்காலம் வந்தால் ஏரியே உறைந்து கட்டியாகிவிடும். புல் கிடைக்காது. அதனால் குடும்பத்தோடு தெற்கே புறப்பட்டு இந்தியாவுக்கு வந்துவிடுகிறது. குளிர் குறைந்ததும் திரும்பிப் போகிறது.

மங்கோலியாவிலிருந்து திருநெல்வேலிக்கு நேர்கோட்டில் அளந்தாலே 4,000 கிலோ மீட்டருக்கு மேல். நடுவில் குறுக்கே நிற்பது இமயமலை!

மலை ஏறும் மாயம்

மலை ஏறும் வீரர்கள் இமயத்தில் ஒரேயடியாக ஏறிவிட முடியாது. வழியில் பல நாட்கள் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏற வேண்டும். மேலே போகப் போகக் காற்று குறையும். 7,000 மீட்டர் உயரத்தில், தரையில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதி கூடக் கிடைக்காது.

இந்த வாத்து என்ன செய்கிறது?

இதைக் கண்டறிய விஞ்ஞானிகள் சில வாத்துகளின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். வாத்து எங்கே போகிறது, எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை அந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். அப்படிக் கருவி கட்டப்பட்ட இடங்கள் மங்கோலியாவில் ஓர் ஏரி, ஒடிசாவில் சிலிகா ஏரி, நமது கூந்தன்குளம்.

2011-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆராய்ச்சி உலகத்தையே வியக்க வைத்தது. ஏழெட்டு மணி நேரத்தில், நடுவில் இறங்காமல், 4,000 முதல் 6,000 மீட்டர் வரை வாத்துகள் மேலே ஏறிவிடுகின்றன! பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்றுக்காகவும் அவை காத்திருப்பதில்லை. காற்று அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும் பறக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். அதில் சிறகு அடிப்பது சுலபம்.

பிறகு நடந்த ஆராய்ச்சியில் ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை போனது தெரிந்தது. ஆனால் வீணாக உயரத்தில் பறந்து அவை பலத்தைச் செலவழிப்பதில்லை. மலை உயர்ந்தால் தாமும் உயர்ந்து, பள்ளம் வந்தால் தாமும் தாழ்ந்து, தரையை ஒட்டியே போகின்றன என்று 2015-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி கூறியது.

இயற்கை அதற்குத் தந்திருக்கும் வரம் இரண்டு. ஒன்று, பெரிய நுரையீரல். இரண்டாவது, காற்றில் உள்ள கொஞ்சம் பிராணவாயுவையும் இறுகப் பிடித்துக்கொள்ளும் இரத்தம்.

புலவர் கண்ட பறவை

வடக்குக்கும் தெற்குக்கும் பறவை போய் வருவது தமிழனுக்குப் புதிய செய்தி அல்ல.

சங்க காலத்தில் பாண்டிய நாட்டில் பிசிராந்தையார் என்ற புலவர் இருந்தார். உறையூரில் இருந்த கோப்பெருஞ்சோழன் அவருடைய உயிர் நண்பன். அன்னப் பறவை ஒன்றை அழைத்துப் புலவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 67-வது பாட்டாக இருக்கிறது. குமரித் துறையில் இரை தின்றுவிட்டு வடக்கு மலைக்குப் போகும் பறவை அது. வழியில் உறையூரில் இறங்கி அரசனிடம் தன் பெயரைச் சொன்னால், அதன் பேடைக்கு அவன் நகை கொடுப்பான் என்கிறார் புலவர்.

குமரிக் கரையில் இரை தேடும் பறவை வடமலை வரை போகும் என்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். பைனாகுலர் இல்லை, கருவி இல்லை. கண் மட்டும் இருந்தது. பார்த்ததை மற்றவருக்குச் சொல்லும் மனமும் இருந்தது.

இன்றைய பறவை அன்பர்கள் செய்வதும் அதைத்தான்.

வெடி வெடிக்காத ஊர்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில், நாங்குநேரி வட்டாரத்தில் இருக்கிறது கூந்தன்குளம். 1994-இல் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022 ஆகஸ்டில், உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி அறிவிக்கப்பட்டது.

ஆனால் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே ஊர் ஜனங்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். நாரைகள் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் எடுத்து வளர்த்துப் பறக்க விடுவார்கள். தீபாவளிக்குக் கூட வெடிச் சத்தம் கிடையாது.

இதில் லாபமும் உண்டு. பறவைகளின் எச்சம் குளத்துத் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்து போகிறது. பறவை வாடகை கொடுக்காமல் தங்குவதில்லை!

எப்படி எண்ணுவது?

நூற்றுக்கணக்கில் பறக்கும் கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். முதலில் பத்து வாத்துகளை எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் முழுவதிலும் அப்படி எத்தனை பத்து என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். இரண்டு மூன்று பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் தவறு குறையும்.

1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. இதில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆசிரியர், மாணவர், விவசாயி, வீட்டுப் பெண்கள் எல்லோரும் கலந்துகொள்கிறார்கள். தங்கள் ஊர்க் குளத்தில் பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்ததை எழுதினாலே போதும்.

"ஒருவர் எழுதுவதால் என்ன ஆகிவிடும்?" என்று தோன்றலாம்.

கூந்தன்குளத்தில் ஒருவர் எழுதுகிறார். கர்நாடகத்தில் கதக் மாவட்டத்து மாகடி ஏரியில் ஒருவர் எழுதுகிறார். அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இந்த வாத்துகள் கூடும். வடக்கே இமாசலப் பிரதேசத்தில், பாங் அணை நீர்த்தேக்கத்தில் இன்னொருவர் எழுதுகிறார். சில ஆண்டுகளில் அங்கே 40,000-க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஒரு புள்ளிதான். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் கோலம் தெரிந்துவிடுகிறது!

கழுத்தில் ஒரு விலாசம்

கோடையில் இந்த வாத்துகளின் பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். அந்தச் சில வாரங்கள் அவற்றால் பறக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து மங்கோலியாவில் ஆராய்ச்சிக்காரர்கள் வலை கட்டிப் பிடிக்கிறார்கள். கழுத்தில் இலேசான பிளாஸ்டிக் பட்டை ஒன்றை மாட்டி விட்டுவிடுகிறார்கள். பட்டையில் பெரிய எழுத்தும் எண்ணும் இருக்கும். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

இப்படிப் பட்டை அணிந்த வாத்துகளைக் கர்நாடகத்து ஏரிகளில் பறவை அன்பர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்து, படம் பிடித்து, செய்தி அனுப்பினார்கள். பட்டை மாட்டியவர்களுக்குத் தங்கள் வாத்து உயிரோடு இருப்பது தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அது எந்த ஊர் வாத்து என்பது தெரிந்தது. முகம் தெரியாத இரண்டு தேசத்து மனிதர்களுக்கு நடுவே ஒரு வாத்து தபால்காரனாக வந்து போகிறது.

கண்டதைச் சொன்னால் உயிர் தப்பும்

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. உயிர்ப் பிரச்சினையும் இதில் இருக்கிறது.

2005-ஆம் ஆண்டு சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் மடிந்தன. அவற்றில் மிகுதியானவை வரித்தலை வாத்துகள். உலகத்திலேயே இந்த இனம் அதிகம் இல்லாத நிலையில் அது பெரிய அடி.

2020 டிசம்பர் கடைசியில் பாங் அணையிலும் அதே காய்ச்சல் வந்தது. சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. அங்கேயும் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகளே. உடனே அந்த இடத்துக்கு ஆட்கள் போகாமல் தடை போட்டார்கள். செத்த பறவைகளை எடுத்துப் பத்திரமாகப் புதைத்தார்கள். இத்தகைய நோய் வீட்டுக் கோழிகளுக்கும் பரவக்கூடியது. சில சமயம் மனிதருக்கும் வரலாம்.

குளத்தில் இரண்டு பறவைகள் தள்ளாடுகின்றன என்பதை முதலில் பார்ப்பவர் யார்? தினமும் அங்கே போகிறவர்தான். அவர் உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொன்னால், நோய் பரவும் முன் தடுக்க வழி பிறக்கும். செத்த பறவையைக் கையால் தொடக் கூடாது. குழந்தைகளையும் தொட விடக் கூடாது.

இன்னொரு கவலை, குளங்கள். மழை பொய்த்தால் குளம் வற்றும். ஆக்கிரமிப்பு வந்தால் குளமே மறையும். தானியத்தில் விஷம் கலந்தால் கூட்டமே சாகும். இமயத்தையே தாண்டி வந்த பறவை, இறங்க ஒரு குளம் இல்லாமல் தவிக்கலாமா?

இதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஒரு விஷயத்தை வற்புறுத்துகிறார்கள். வாத்து வந்தால் மட்டும் எழுதினால் போதாது. வரவில்லை என்றாலும் எழுத வேண்டும். "இன்று போனோம். ஒரு வாத்துகூட இல்லை" என்பதும் செய்திதான். பத்து வருஷக் கணக்கைப் புரட்டும்போது, எந்தக் குளம் எந்த ஆண்டில் பறவைகளை இழந்தது என்று அந்த வரிதான் காட்டிக்கொடுக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

விருந்தாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில முறைகள் உண்டு.

கரையில் எட்ட நின்று பார்க்க வேண்டும். கல் எறிவது, கை தட்டுவது கூடாது. படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பி விடக் கூடாது. அது வீணாக ஒரு முறை பறந்தால், ஊர் திரும்ப உடம்பில் சேர்த்து வைத்த பலத்தில் ஒரு பங்கு போய்விடும். தீனி போடவும் வேண்டாம். மேயத் தெரிந்த பறவைதான் அது.

வயலில் புகுந்து பயிரை மேய்ந்தால் விவசாயிக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அவரிடம் பேசி, அவருடைய நஷ்டத்தையும் கேட்டு எழுதுவது நல்லது. பறவைக்கு அன்பர் பல பேர். வயலுக்குச் சொந்தக்காரர் அவர் ஒருவர்தானே!

வெயில் ஏறியதும் வாத்துகள் ஊர் திரும்பத் தயாராகும். ஒரு நாள் காலையில் குளம் வெறிச்சென்று கிடக்கும். கரையில் நிற்பவர்கள் அதையும் எழுதிக்கொள்வார்கள்: "இன்று இல்லை."

அந்த நேரம் அந்தக் கூட்டம் வடக்கே எங்கேயோ பறந்துகொண்டிருக்கும். எங்கோ ஓர் ஏரிக்கரையில், மொழி தெரியாத ஒருவர் தம்முடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அதே செய்தியை எழுதுவார்:

"வந்துவிட்டன!"