விடுதி வேலைக்கு விடை

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1920 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். அதன்பொருட்டு அவர் இலண்டனுக்குச் செல்லவில்லை. பரீட்சைதான் கடல் கடந்து இலங்கைக்கு வந்தது. இன்றைய மாணவர் பலரோ பட்டத்தைத் தேடித் தாமே புறப்படுகின்றனர். போகின்ற இடத்தில் பாடநூலுக்கு முன்னரே துடைப்பம் கைக்கு வந்துவிடுகின்றது.

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடைப்பட்ட பாண்டிருப்பிலிருந்து ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு ஓராண்டு முதுமாணிப் படிப்பிற்காகச் சென்றவன் நான். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியொன்றில் அறைகளைத் துப்புரவாக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. கட்டில் விரிப்பை நான்கு மூலைகளிலும் சுருக்கமின்றி மடித்துச் செருக வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் ஒரு நீர்த்துளியும் தங்கலாகாது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், அவர் கூறும் விருந்தினனுக்கு முகம் உண்டு. யான் ஓம்பிய விருந்தினரை யான் கண்டதே அரிது. அவர்கள் வெளியே சென்ற பின்னரன்றோ எனக்கு உள்ளே வேலை!

எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயில் விழாவிலே பாண்டவர் வனவாசம் நிகழ்த்திக் காட்டப்படும். அதற்கடுத்த அஞ்ஞாதவாசக் கதையை அங்கே விரிப்பு மடிக்கையில் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். விராடன் அரண்மனையிலே திரௌபதை பணிப்பெண்ணானாள். வீமன் மடைப்பள்ளி புகுந்தான். செய்த ஊழியத்தை அவர்கள் இழிவென்று கொள்ளவில்லை. ஆனால், தவணை ஓராண்டு என்பதை ஒருநாளும் மறக்கவுமில்லை.

எனக்கு அத்தவணை ஓகஸ்ட் மாதத்தில் நினைவூட்டப்பட்டது. 1947 ஆம் ஆண்டு தொடக்கம் எடின்பரோவில் நடைபெற்றுவரும் கலைவிழாவின் மாதம் அது. நகரம் பயணிகளால் நிரம்பி வழியும். விடுதியில் ஓர் அறையும் காலியிராது. முகாமையாளர் என்னை அழைத்து, "கோடை விடுமுறைதானே, முழுநேரம் வரலாமே" என்றார்.

மாணவர் பலரும் இடறுகின்ற இடம் இதுதான். பட்டப்படிப்பு மாணவனுக்கு அந்நாட்டு வீசா தவணைக் காலத்தில் வாரத்திற்கு 20 மணித்தியாலம் மட்டுமே அனுமதிக்கின்றது. இளமாணி மாணவனுக்குக் கோடை மெய்யாகவே விடுமுறை. அவன் முழுநேரம் உழைக்கலாம். ஓராண்டு முதுமாணி மாணவனுக்கோ அக்கோடைதான் ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம். சட்டத்தின் கண்ணில் அது படிப்புக் காலமே. இதனைக் கூறியபோது, "இவ்வாரம் முப்பது, வருகின்ற வாரம் பத்து, கணக்குச் சரிதானே" என்று மறுமொழி வந்தது. சரியன்று. அவுஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணித்தியாலம் என்று சேர்த்து எண்ணுவர். பிரித்தானியாவிலோ திங்கள் தொடங்கி ஞாயிறு வரை ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கணக்கு. மீறினால் மாணவன் வீசாவை இழக்கக்கூடும். உரிமையின்றி ஒருவரை வேலைக்கமர்த்தும் முதலாளிக்கும் 2024 பெப்ரவரி முதல், முதன்முறையே 45,000 பவுண் வரை தண்டம் உண்டு.

விலகுவது எளிதாயிருக்கவில்லை. 2025 ஏப்ரலில் 21 வயதிற்கு மேற்பட்டோருக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண், இருபது மணித்தியாலத்திற்கு 244 பவுண். என் அறை வாடகை அதிலிருந்துதான் போயிற்று. ஊரிலே வயல் ஈட்டிலிருந்தது. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "காசு பிறகும் வரும் மனே, நீ படி" என்றார்.

நண்பர் சிலர், நாளை முதல் போகாமல் நின்றுவிடு என்றனர். அதனை நான் ஏற்கவில்லை. சொல்லாமல் மறைபவனின் அறைகளை மறுநாள் வேறொருவர் குனிந்து துடைக்க வேண்டும். அடுத்து வேலை கேட்டு வரும் நம்மூர்ப் பிள்ளைக்கும் கதவு அடைபடும். ஒரு மாதத்திற்கு மேல் வேலை செய்தவர் ஒரு வார முன்னறிவித்தலேனும் கொடுக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். ஒப்பந்தம் கூடுதலாகவும் கேட்கலாம். என் ஒப்பந்தம் இரு வாரம் கேட்டது. நம்மவர் வழக்கப்படி பணிவன்புடன் ஒரு பக்கம் எழுதினேன். உடன் வேலைசெய்த போலந்து நாட்டுப் பெண்மணி அதனைப் படித்து, அதிலிருந்த மூன்று மன்னிப்புகளையும் அடித்துவிட்டார். எஞ்சியவை நான்கு வரிகள்: விலகுகின்றேன், கடைசி நாள் இன்னது, எடுக்காத லீவுக்குரிய சம்பளம் தருக, பீ-45 தருக.

பீ-45 என்பது அவ்வரி ஆண்டில் பெற்ற சம்பளத்தையும் கட்டிய வரியையும் காட்டும் பத்திரம். அடுத்த வேலையில் வரி அதிகமாகப் பிடிபடாதிருக்க அது வேண்டும். லீவுச் சம்பளத்தை அறியாதோர் பலர். ஆண்டிற்கு 5.6 வாரச் சம்பள லீவு பகுதிநேர ஊழியருக்கும் உரியது. எடுக்காது எஞ்சியதை விலகும்போது பணமாகக் கொடுத்தேயாக வேண்டும். என் கடைசிச் சம்பளத்தில் அது இருக்கவில்லை. வேலை அட்டவணைகளைக் கொண்டு கணக்கிட்டு எழுதினேன். அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. வராவிடில், ஏக்காஸ் என்னும் அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்டிருப்பேன். பயணிகள் ஊழியருக்கென விட்டுச்செல்லும் அன்பளிப்புப் பணத்தை நிருவாகம் தனக்கென வைத்துக்கொள்ளலாகாது என்ற சட்டமும் 2024 ஒக்டோபர் முதல் அங்கு நடைமுறையிலுள்ளது.

ஆய்வுக்கட்டுரை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. ஊர் திரும்பிய பின், சென்ற மாதம் பொத்துவில் அறுகங்குடாவிற்குப் போயிருந்தேன். அலைச்சறுக்கலுக்கு வரும் வெள்ளையர்களுக்காகக் கடற்கரை நெடுக விடுதிகள். படிக்கின்ற பிள்ளைகள் பலர் அங்கும் கட்டில் விரிக்கின்றனர். வேலையை விடும்போது கடிதம் கொடுப்பீர்களா என்று ஒரு பையனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"வேலைக்கு வரக்குள்ளயே ஒரு கடிதமும் தரல்ல அண்ணே. போகக்குள்ள என்னத்துக்குக் கடிதம்?"