காற்றாலை எங்கிருந்து வந்தது?

டென்மார்க் ஒரு சின்ன நாடு. ஐரோப்பாவில் கடலோரம் இருக்கிறது. அங்கே காற்று பலமாக வீசும். காற்றில் சுழன்று மின்சாரம் தரும் காற்றாலைகளை அந்நாட்டார் நன்றாகச் செய்யப் பழகியிருந்தார்கள். இதற்கு நிலக்கரி வேண்டாம். புகையும் இல்லை.

1987-இல் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் நம் நாட்டு நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தது. 1994-இல் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனமும் இப்படியே வந்தது. டாமனில் தொழிற்சாலை அமைத்தது. வெளிநாட்டார் நம் நாட்டுத் தொழிலில் போடும் பணம்தான் அந்நிய முதலீடு. இது கடன் இல்லை. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். முதலீடு போட்டவருக்கு லாபத்தில் பங்கு. நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு.

பணம் வந்தது. இயந்திரமும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அங்கே நன்றாக ஓடிய காற்றாலை இங்கே திணறியது. இங்கே வெயில் அதிகம். தூசியும் அதிகம். அந்தக் காலத்துக் காற்றாலை ஓட வேண்டுமானால் மின்கம்பியில் கரண்ட் இருக்க வேண்டும். கரண்ட் போனால், காற்று எவ்வளவு அடித்தாலும் அதை நிறுத்திவிட வேண்டியதுதான். நம் ஊரில் கரண்ட் போவதைக் கேட்கவா வேண்டும்! பல இடங்களில் காற்றும் மெல்லத்தான் வீசும். அங்கே கோபுரம் இன்னும் உயர வேண்டும். இறக்கை இன்னும் நீள வேண்டும்.

இந்த மாற்றங்களை யார் செய்வது? இந்த மண்ணில் வேலை செய்து பழகியவர்களே செய்ய முடியும்.

குஜராத்தில் துளசி தாந்தி என்பவர் துணித் தொழில் நடத்தினார். கரண்ட் செலவு லாபத்தைத் தின்றது. தம் தொழிலுக்காக 2 காற்றாலைகள் வாங்கினார். பிறகு காற்றாலை செய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். 1995-இல் சுஸ்லான் நிறுவனம் பிறந்தது. ஜெர்மனியின் சூட்விண்ட் நிறுவனம் தொழில்நுட்பம் கொடுத்தது. பிறகு அந்த ஜெர்மன் நிறுவனம் நொடித்துப்போனது. அதன் பொறியாளர்களை சுஸ்லான் வேலைக்கு வைத்துக்கொண்டது. காற்று குறைந்த இடங்களுக்கு ஏற்ற நீண்ட இறக்கைகளைப் பின்னாளில் செய்தது. 2007-இல் ரீபவர் என்ற ஜெர்மன் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது! ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 2015-இல் அதை விற்க நேர்ந்தது.

அரசாங்கத்தின் விதியும் முக்கியம். 1990களில் காற்றாலையை நட்டாலே போதும். அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மின்சாரம் வந்ததா என்று விதி கேட்கவில்லை. அதனால் சிலர் வரிக்காகவே நட்டார்கள். 2009-இல் மத்திய அரசு இன்னொரு வழியும் கொண்டுவந்தது. மின்கம்பிக்குத் தந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை கிடைத்தது. அந்த வழியில் நன்றாக ஓடிய இயந்திரத்துக்குத்தான் பணம் வந்தது.

கூட்டுத் தொழிலில் சண்டையும் வந்தது. எனர்கானும் அதன் இந்தியக் கூட்டாளிகளும் பிரிந்தார்கள். தொழில்நுட்பம் யாருக்குச் சொந்தம் என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் பல 1990களில் நட்ட சிறிய காற்றாலைகள். இப்படிப்பட்ட பழையவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடுவதற்கு 2024-இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது.