விதைப்பிலிருந்து பிறந்த சொல்

நெல்லுக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் ஒரைசா சட்டைவா. பூண்டுக்கு ஆலியம் சட்டைவம். குங்குமப்பூவுக்குக் குரோக்கஸ் சட்டைவஸ். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' என்னும் நூலில் இம்மூன்றும் இடம்பெற்றுள்ளன. பின்சொல் மூன்றிலும் ஒன்றே, ஈறுதான் வேறு. தானாக முளைக்காமல் மனிதர் கையால் விதைத்து வளர்க்கப்படுவது என்பது இந்த லத்தீன் பெயரடையின் பொருள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: குங்குமப்பூச் செடி விதையே தருவதில்லை, கிழங்கை ஊன்றித்தான் பயிராக்க வேண்டும், பூண்டையும் பல் பல்லாகப் பிரித்தே நடுகிறார்கள். 'விதைக்கப்பட்டது' என்ற பொருள், 'பயிரிடப்படுவது' என்று எப்போதோ விரிந்துவிட்டது.

தமிழில் நல்ல அரசன், நல்ல அரசி, நல்ல மரம் என எங்கு வந்தாலும் 'நல்ல' மாறாது நிற்கும். லத்தீனிலோ பெயரடை, தான் தழுவும் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றுக்கும் இசைந்து உருமாற வேண்டும். அங்குப் பால் என்பது பொருளைப் பார்த்து அமைவதன்று, சொல்லோடு ஒட்டி வருவது. நமக்கு நெல்லும் பூண்டும் அஃறிணையாக இருக்க, லத்தீனில் ஒரைசா பெண்பால், குரோக்கஸ் ஆண்பால், ஆலியம் இரண்டிலும் சேராத நடுப்பால். மூன்று பால், இரண்டு எண், ஆறு வேற்றுமை எனப் பெருக்கினால் 36 இடங்கள் வரும். ஒரே வடிவம் பல இடங்களுக்குப் பயன்படுவதால், எழுத்தில் 13 வடிவங்களே தேறும். தாவரப் பெயர்களுக்கு அவற்றுள் எழுவாய் ஒருமையில் வரும் மூன்று வடிவங்களே போதும்.

விதைத்தலைக் குறிக்கும் 'செரெரே' என்னும் வினையிலிருந்து 'சாட்டுஸ்', அதாவது விதைக்கப்பட்ட, என்ற எச்சம் பிறந்து, அதனோடு தன்மையைச் சுட்டும் விகுதி சேர்ந்து இப்பெயரடை உருவாயிற்று. அதே வினையடியில் தோன்றி விதைப்பைக் குறித்த இன்னொரு சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, இன்று மாம்பழத்துக்கும் குற்றாலத்துக்கும் நாம் சொல்லும் 'சீசன்' ஆனது. கருத்தரங்கைக் குறிக்கும் 'செமினார்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லும் இக்குடும்பமே. அதன் பழம்பொருள் நாற்றங்கால்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி, பயிரான செடிக்கு எதிராகக் காட்டில் விளைவதை 'சில்வெஸ்ட்ரிஸ்' என்று குறித்தார். இது வேறொரு வாய்பாட்டைச் சேர்ந்த பெயரடையாதலால் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஈறு ஒன்றுதான். நம் ஊர்ப் பொட்டலில் நிற்கும் ஈச்ச மரத்தின் அறிவியல் பெயரான ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸில் உள்ளதும் அதே சொல்தான்.