காளைகளின் அரங்கில் ஒரு மாலை

தில்லியில் முப்பது ஆண்டுகள் அலுவல் பார்த்து ஓய்வு பெற்ற யான், சென்ற கோடையில் அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டர்ஹம் நகரில், மகனுடைய இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது என் பத்து வயதுப் பேரன் வாட்டமுற்றிருந்தான். அவ்வூர்ச் சிறுவர் பேஸ்பால் குழுவில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அன்று முதல் மட்டையைத் தொடவும் மறுத்துவிட்டான். மகன் அவனிடம் வாதாடவில்லை. ஒரு நாள் மாலை எங்கள் அனைவரையும் 'டர்ஹம் புல்ஸ்' ஆடும் அரங்கிற்கு அழைத்துச் சென்றான்.

'புல்ஸ்' என்றால் காளைகள். இக்குழு 1902-ஆம் ஆண்டில் தோன்றியது. இப்போதுள்ள அரங்கு 1995-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழப் பதினாயிரம் பேர் அமரலாம். இடப்புற மதிலின் மேல் பெரியதொரு காளையின் உருவம் நிற்கிறது. 1988-இல் வெளிவந்த 'புல் டர்ஹம்' திரைப்படத்திற்காக அமைத்த காளையே இதற்கு முன்மாதிரி. அடித்த பந்து காளையின்மேல் பட்டால் ஆட்டக்காரருக்கு இறைச்சி விருந்து. கீழேயுள்ள புல்லின்மேல் பட்டால் காய்கறி சாலட். "நமக்குப் புல்லே போதும்" என்றாள் என் மனைவி. எல்லோரும் நகைத்தோம், பேரன் மட்டும் நகைக்கவில்லை.

இங்கு நடப்பது மைனர் லீக் ஆட்டம். மேஜர் லீகின் 30 குழுக்களுக்கும் ஆட்டக்காரர்களைப் பழக்கி அனுப்பும் 120 குழுக்கள், 2021 முதல் நான்கு படிகளாக அமைந்துள்ளன. டர்ஹம் குழு மேற்படியைச் சேர்ந்தது. அழைப்பு வந்தால் மறுநாளே பேரரங்கில் ஆடலாம். அழைப்பு வராமலே ஆண்டுகளைக் கழித்தோரும் பலர்.

வறுத்த வேர்க்கடலையை உரித்தவாறு ஆட்டத்தைக் கண்டோம். இளைஞர் ஒருவர் மட்டையேந்தி வந்தார், மூன்று முறை வீசினார், மூன்றும் காற்றில். மறுமுறை வந்தபோதும் அவ்வாறே வெளியேறினார்.

"தாத்தா, இவரும் என்னைப் போலத்தான் ஆடுகிறார்!" என்றான் பேரன். அம்மாலையில் அவன் பேசிய முதற் சொல் அதுதான்.

மகன் மெல்லச் சொன்னான்: "பத்து முறை மட்டையேந்தி மூன்று முறை நன்றாக அடிப்பவரை இந்த ஆட்டத்தில் வல்லவர் என்பார்கள். மற்ற ஏழு முறையும் அவர் தலை குனிந்து திரும்பியவர்தாம்."

ஏழாம் இன்னிங்ஸின் நடுவே, வழக்கப்படி அனைவரும் எழுந்து கைகால்களை நீட்டிப் பாடினர். எட்டாம் இன்னிங்ஸில் அதே இளைஞர் மீண்டும் வந்தார். அவர் அடித்த பந்து காளையையும் எட்டவில்லை, புல்லையும் எட்டவில்லை. காவலர் இருவருக்கிடையே தரையில் விழுந்தது. அவர் ஓடி முதல் தளத்தை அடைந்தார். அவ்வளவுதான். பேரன் எழுந்து நின்று கைதட்டினான்.

திரும்பும் வழியில் அவனுக்கு நம் நாட்டுச் செய்தியொன்றைச் சொன்னேன். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இளைஞர் இருவர், 2008-இல் இந்தியாவில் நடந்த பந்தெறியும் போட்டியில் முன்னணியில் நின்றனர். அவ்வாண்டே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் குழு அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. 2009-இல் மைனர் லீகில் ஆடினர். மேஜர் லீகை இருவரும் எட்டவில்லை.

"அப்படியானால் தோற்றுவிட்டார்களா, தாத்தா?"

"பேஸ்பால் இன்னதென்றே அறியாதவர்கள், கடல் கடந்து வந்து ஆடினார்களே, கண்ணா!"

மறுநாள் விடியலில், கொல்லைப்புறச் சுவரில் பந்து மோதும் ஓசை கேட்டு விழித்தேன். பல்லாண்டுகளுக்கு முன் இதே மகன் நுழைவுத் தேர்வில் தவறி வீடு திரும்பிய நாள் நினைவுக்கு வந்தது. அன்று நான் அவனை எங்கும் அழைத்துச் செல்லவில்லை. ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்குத் தோற்க உரிமையில்லை என்று கடிந்துகொண்டேன். அதை அவன் மறந்திருக்க மாட்டான். ஆயினும் தன் பிள்ளைக்கு அவன் அதைச் சொல்லவில்லை.

நம் சங்கத்து இல்லங்களிலும் பிள்ளைகள் தோற்றுத் திரும்பும் நாள்கள் வரும். அன்று அறிவுரையைச் சற்றே ஒத்திவைத்து, அவர்கள் அருகில் அமர்ந்திருப்போமாக.