எஞ்சின் உங்கள் விருப்பம்

போயிங் 787 விமானத்தை வாங்குகிறவர், எஞ்சினை யாரிடம் வாங்குவது என்று தாமே முடிவெடுக்கலாம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் செய்யும் ‘ஜிஇஎன்எக்ஸ்’ ஒன்று; பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் செய்யும் ‘ட்ரெண்ட் 1000’ மற்றொன்று. ஏர் இந்தியா முன்னதை எடுத்தது. 2011 அக்டோபரில் 787-ஐ முதன்முதலில் பயணிகளோடு பறக்கவிட்ட ஜப்பானின் ஏஎன்ஏ, பின்னதை.

நிறுத்தி வைத்திருக்கும் விமானத்தின் எஞ்சின் வாயை உற்றுப் பார்த்தால் எது எதுவென்று சொல்லிவிடலாம். அகலமான 18 பிளேடுகள் கறுப்பாக இருந்து, முன்விளிம்பில் மட்டும் ஓர் உலோகப் பட்டி பளபளத்தால் அது ஜிஇ. பிளேடுகள் 20 ஆகவும், முழுக்க உலோகச் சாம்பல் நிறமாகவும் இருந்தால் ரோல்ஸ் ராய்ஸ். கறுப்பு, கார்பன் இழை. சாம்பல், உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த டைட்டானியம்.

இந்த நிற வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு திவால் கதை உண்டு. கார்பன் இழை பிளேடை முதலில் செய்துபார்த்ததே ரோல்ஸ் ராய்ஸ்தான். லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்காக 1960களின் இறுதியில் உருவாக்கிய ஆர்பி211 எஞ்சினில், ‘ஹைஃபில்’ என்ற பெயரில் அதைப் பொருத்தினார்கள். பறக்கும்போது பறவை வந்து மோதினால் தாங்குமா என்று பார்க்க, ஓடும் எஞ்சினுக்குள் இறந்த கோழியைக் குண்டுபோலச் செலுத்துவது வழக்கம். அந்தச் சோதனையில் ஹைஃபில் பிளேடுகள் நொறுங்கின. டைட்டானியத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் திவாலாகி, அரசாங்கம் எடுத்து நடத்தியது. ஒரு கோழி கவிழ்த்தது என்று சொல்வது சுவையாக இருக்கும். உண்மையில் அந்த எஞ்சினின் செலவு முழுவதுமே கைமீறிப் போயிருந்தது. ஜிஇ 1995-இல் தன் ஜிஇ90 எஞ்சினில் கார்பன் பிளேடுகளைச் சேவைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பளபளக்கும் விளிம்பு, பறவை அடியை வாங்கிக்கொள்ளும் டைட்டானியக் கவசம்.

இத்தனை வேறுபாடும் விமானியின் அறைக்குள் வரும்போது ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. உந்துவிசை நெம்புகோல் ஒன்றேதான். திரையில் மட்டும் சிறு மாற்றம். ஜிஇ எஞ்சினில் முன்விசிறியின் வேகத்தைச் சதவீதமாகக் காட்டும் ‘என்1’-ஐப் பார்த்து விசையை வைக்கிறார்கள். ட்ரெண்டில், அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் ‘டிபிஆர்’ என்ற விகிதம். ட்ரெண்டுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுழல்தண்டுகள் இருப்பதால் கூடுதலாக ஒரு சுழற்சி எண்ணும் தெரியும். அவ்வளவுதான்.

எஞ்சினிலிருந்து விமானியை உண்மையிலேயே தொடுவது காற்று. மற்ற ஜெட் விமானங்களில் பெரும்பாலும் நாம் சுவாசிப்பது எஞ்சினுக்குள் போய்வந்த காற்று. எரிபொருள் கலப்பதற்கு முன்பே அமுக்கப்பட்டுக் கொதிக்கும் காற்றில் கொஞ்சத்தை உருவி, குளிர்வித்து உள்ளே விடுகிறார்கள். உருவும் ஒவ்வொரு மூச்சுக்கும் எரிபொருள் செலவு. 787 அந்த வழக்கத்தைக் கைவிட்டது. வயிற்றுப் பகுதியிலுள்ள தனித் துளைகள் வழியே வெளிக்காற்றை இழுத்து, மின்சாரக் கம்பிரசர்களால் அமுக்குகிறது. அதற்கான மின்சாரத்தை எஞ்சின்தான் தர வேண்டும். ஒரு எஞ்சினுக்கு இரண்டு ஜெனரேட்டர்கள், ஒவ்வொன்றும் 250 கேவிஏ. தெருமுனையில் பல வீடுகளுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் அளவு. அப்படி நான்கைச் சுமந்துகொண்டு பறக்கிறது.

787-க்குள் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இருக்கும். பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். அதனால் 787-இல் களைப்பும் தலைவலியும் குறைவு. இந்தப் பெருமையைப் புதிய காற்றமைப்புக்கே கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் பழையபடி எஞ்சினிலிருந்தே காற்றை உருவும் ஏர்பஸ் ஏ350-இலும் அதே 6,000 அடிதான். இரண்டுக்கும் பொதுவானது கார்பன் இழை உடம்பு. ஒவ்வொரு பயணத்திலும் உப்பித் தணிவதால் அலுமினியம் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். கார்பன் இழை அதைப் பொறுத்துக்கொள்ளும்.

விமானிக்கான மற்ற வசதிகள் சின்னச் சின்னவை. வேர்க்காமலும் குளிராமலும் இருக்க இருக்கைக்குப் பெரும்பாலும் ஆட்டுத்தோல் உறை. ஏர்பஸ்ஸில் முன்கண்ணாடிகளுக்கு நடுவே சிறு உருண்டைகள் உண்டு. ஓர் உருண்டை இன்னொன்றை மறைக்கும்வரை இருக்கையை ஏற்றி இறக்கினால் கண் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். கட்டுப்பாட்டுக் கோல் பக்கவாட்டில் இருப்பதால், முன்னால் மேசையை இழுத்து வைத்துச் சாப்பிடலாம். போயிங்கில் முட்டிகளுக்கு நடுவே சுக்கான் நிற்கிறது, தட்டு மடியில். 787-இன் முன்கண்ணாடி நான்கே பெரிய பலகைகள், ஒன்றும் திறக்காது. ஆபத்தென்றால் கூரைக் கதவு வழியே வெளியேற வேண்டும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறைந்துவருகிறது. ஏ350-க்கும் ஏ330நியோவுக்கும் ரோல்ஸ் ராய்ஸ் மட்டுமே. போயிங் 777எக்ஸுக்கு ஜிஇ மட்டுமே. புதிய எஞ்சினுக்கு ஆகும் செலவு பெரிது; விற்பனையை இருவர் பங்கு போட்டால் இருவருக்கும் கட்டாது. ஆனாலும் அந்த உரிமைக்கு மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன். ட்ரெண்ட் 1000-இன் டர்பைன் பிளேடுகள் 2016 வாக்கில் அரிக்கத் தொடங்கி, பல 787-கள் தரையில் நின்றன. அந்த எஞ்சினோடு பறந்துகொண்டிருந்த ஏர் நியூசிலாந்து, 2019-இல் புதிய 787-களுக்கு ஜிஇ எஞ்சினைக் கேட்டது. விமானம் அதே விமானம்.

எஞ்சின் இரைச்சல் குறைந்தால் விமானிக்கு நல்லதுதானே என்று தோன்றும். 2008-இல் எமிரேட்ஸ், நான்கு எஞ்சின் கொண்ட ஏ380-ஐ ஓட்டத் தொடங்கியது. விமானிகள் முறைவைத்துத் தூங்கும் அறை அதில் பின்பகுதியில், பயணிகளுக்கு அருகில் இருந்தது. தூங்க முடியவில்லை என்று புகார் வந்தது. பழைய விமானங்களில் எஞ்சின் இரைச்சல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இதில் குழந்தை அழுவதும் கழிவறையை ஃப்ளஷ் செய்வதும் காதடைப்பானையும் தாண்டித் தெளிவாகக் கேட்டனவாம்.