புற்றணுவைப் பிடித்துக் கொடுக்கும் மருந்து

உடம்பினுள் காவல் இருந்தும் புற்றுநோய் எவ்வாறு வளர்கிறது? நம் இரத்தத்தில் 'டி' அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் உள்ளன. கிருமி புகுந்த அணுக்களைக் கண்டறிந்து கொல்வது அவற்றின் தொழில். புற்றணுவோ வெளியிலிருந்து வந்த பகையன்று. சொந்த உடம்பின் அணுவே நெறிகெட்டுப் பெருகியதாகும். ஆகவே காவல் அதனை இனங்காணாது விட்டுவிடுவதுண்டு.

இக்குறையை நீக்க எழுந்ததே 'பிளினாடுமோமாப்' என்னும் மருந்து. (பெயரைக் கண்டு அங்கத்தினர்கள் மலைக்க வேண்டுவதில்லை.) ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உண்டாக்கும் வழியைக் கோலர், மில்ஸ்டைன் என்னும் விஞ்ஞானிகள் 1975-ல் கேம்பிரிட்ஜில் கண்டனர். பின்வந்தோர் இரண்டு எதிர்ப்பொருள்களின் பற்றும் நுனிகளை மட்டும் எடுத்து ஒன்றாக இணைத்தனர். பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துப் பழகிய நம் நெசவாளர்க்கு இதை விரித்துரைக்க வேண்டா. ஒரு நுனி டி அணுவின் மேலுள்ள சி.டி.3 என்பதைப் பற்றும். மறு நுனி, ஒருவகை இரத்தப் புற்றணுவின் மேலுள்ள சி.டி.19 என்பதைப் பற்றும். இரண்டும் நெருங்கியவுடன், டி அணு புற்றணுவின் சவ்வில் துளையிட்டு, அழிக்கும் நொதிகளை உட்செலுத்துகிறது. அது மடிந்ததும் அடுத்ததை நாடிச் செல்கிறது.

மியூனிக் நகரில் உருப்பெற்ற இம்மருந்தை அமெரிக்க அரசாங்கம் 2014 டிசம்பரில் அனுமதித்தது. இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இது பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் சிறு பம்பின் மூலம் 28 நாட்கள், இரவும் பகலும் இடையறாது நரம்பில் செலுத்துகின்றனர்.

தீங்கும் இல்லாமலில்லை. சி.டி.19 நல்ல 'பி' அணுக்களின் மேலும் இருப்பதால் அவையும் அழிந்து, தொற்றுநோய்க்கு இடமுண்டாகிறது. டி அணுக்கள் ஒருங்கே கிளர்ந்தெழும்போது கடுங்காய்ச்சல் கண்டு, இரத்த அழுத்தம் தாழலாம். சிலருக்குப் புத்தித் தடுமாற்றமும் வலிப்பும் வருகின்றன.

நோய் திரும்பிய அல்லது மருந்துக்கு அடங்காத 405 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. வழக்கமான மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுள் 4 மாதம். இதனைப் பெற்றோர்க்கு 7.7 மாதம். 2014-ல் இரண்டு சுற்றுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அறிவித்த விலையோ சுமார் 1,78,000 டாலர்! இவ்வளவு பொருளுக்கு அவ்வளவு காலந்தானா என்று கேட்பது நியாயமே எனக் கருதுகிறோம்.

ஆனால் கடைசி முயற்சியாக அன்றி, முதற் சிகிச்சையோடு சேர்த்துத் தந்தபோது கணக்கு வேறாயிற்று. புதிதாக நோய் கண்ட 1,440 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2024 டிசம்பரில் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்தும் நோயின்றி இருந்தோர், பழைய மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 87.9, இதனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 96.