ஜுராசிக் ஜீப்பும் ஒரு சாண் ஒயரும்



1993-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தைப் பார்க்காதவர் நம் கல்லூரியில் யாராவது உண்டா? எல்லோரும் அதில் டைனோசரைப் பார்ப்பார்கள். ஆட்டோமொபைல் படிக்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான். பார்வையாளர்கள் ஏறிச் சுற்றுவது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். கதைப்படி அது டிரைவர் இல்லாமல் கரண்டில் ஓடுவது. ஊழியர்கள் ஓட்டுவதோ மணல் நிறத்தில் சிவப்புப் பட்டை போட்ட ஜீப் ராங்ளர். பூங்காவில் ஒருத்தன் வேண்டுமென்றே கரண்டை நிறுத்துகிறான். எக்ஸ்ப்ளோரர் நடுவழியில் நிற்கிறது. டைனோசர் வேலியைத் தாண்டி வருகிறது. தப்பிக்க உதவுவது சாதாரண பெட்ரோல் ஜீப். ஆக மொத்தம் அந்தக் கதையைத் தொடங்கி வைப்பதே எலக்ட்ரிகல் கோளாறுதான் என்றால் மிகையாகாது!

அந்த ஜீப்பைப் போலவே சொந்த வண்டியை மாற்றி வைத்துக்கொள்வது அமெரிக்காவில் பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. படத்தில் வந்தது 1992 மாடல் ராங்ளர். ‘ஒய்.ஜே.’ என்று சொல்லப்படும் அந்த வகைக்கு ஹெட்லைட் சதுரமாக இருக்கும். 2015-இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு’ படத்தில், கைவிடப்பட்டுக் கிடந்த 29-ஆம் எண் ஜீப்பை அண்ணன் தம்பி இரண்டு பேர் ரிப்பேர் செய்து ஓட்டிப் போவார்கள். நம்ம லேபில் ஒரு செமஸ்டர் லீவு முடிந்து வந்தாலே பேட்டரி செத்துக் கிடக்கிறது. சினிமா சினிமாதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். போன லீவில் நான் வேலை பழகிய பட்டறைக்கு ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வந்தது. மஹிந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கி வளர்ந்ததால், அதுவும் ராங்ளருக்கு ஒருவகையில் பங்காளி முறைதான். ஹெட்லைட் மட்டும் வட்டம். ஓனருக்கு அது ‘ஜுராசிக் ஜீப்’ ஆகவேண்டும். தன் தோப்பிலும் ஒரு கண்காட்சியிலும் நிறுத்தி வைக்கப் போகிறாராம். பெயிண்ட் முடிந்தது. கண்ணாடி ஃபிரேமுக்கு மேலே நான்கு விளக்கு, முன் பம்பரில் இரண்டு ஃபாக் லைட் போடும் வேலையை எலக்ட்ரீஷியன் அண்ணன் என்னிடம் கொடுத்தார். “டிப்ளமா படிக்கிற தம்பி, நீயே பண்ணு” என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

நான் செய்த வேலை

ஆறும் 55 வாட் ஹாலஜன். கடையில் கிடைத்த 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக எடுத்தேன். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டேன். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அங்கிருந்து மேலே விளக்குக்கு. எர்த்தை விளக்குத் தாங்கியிலேயே முறுக்கி விட்டேன். முதலில் மேல் விளக்கு நான்கையும் போட்டேன். எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் வெளிச்சம் மஞ்சளாக, சோகையாக இருந்தது. மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.4 வோல்ட், விளக்கில் 10.5 வோல்ட்.

“நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விட்டேன். மறுநாள் ஓனர் தன் மகளோடு வந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். பழைய டீசல் இன்ஜின், ஆட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஐந்து நிமிஷம் இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அந்தக் குழந்தை பயப்படவில்லை. “அண்ணா, டைனோசர் வருதா?” என்று கேட்டது. ஓனர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்பேனரோடு பாய்ந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். புகை நின்றது. ஒயர் இரண்டு அடி நீளத்துக்குச் செம்பு தெரிய உருகியிருந்தது.

தகட்டு ஓட்டையின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. செம்பு பாடியைத் தொட்டதும் ஷார்ட். நடுவில் ஃப்யூஸ் இல்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான். அண்ணன் திட்டவில்லை. “நெகட்டிவ ஏன் முதல்ல கழட்டினேன், சொல்லு பாப்போம்” என்று மட்டும் கேட்டார். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் இன்னொரு ஷார்ட் ஆகும். நெகட்டிவ் ஏற்கெனவே பாடியோடுதான் இருக்கிறது, பட்டாலும் ஒன்றுமில்லை. எனக்கு அப்போது வாயே வரவில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

கணக்கு சொன்ன பாடம்

1 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.02 ஓம். ஷார்ட் ஆன இடம்வரை 2 மீட்டர் என்றால் 0.04 ஓம். பேட்டரியின் உள் தடை, இணைப்புகள் எல்லாம் சேர்த்து 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 0.05-ஆல் வகுத்தால் 240 ஆம்பியர்! அந்த ஒயருக்குள் மட்டும் பிறக்கும் வெப்பம், கரண்ட்டின் வர்க்கம் பெருக்கல் தடை, 2,300 வாட். வீட்டில் வெந்நீர் போடும் கெய்சரே 2,000 வாட்தான். ஒரு கெய்சரை ஒயருக்குள் ஒளித்து, அதன் பக்கத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்திருக்கிறேன். ‘12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காது’ என்று நாம் அலட்சியமாகச் சொல்வோமே, அந்தப் பேச்சை அன்றோடு விட்டேன்.

மங்கலான வெளிச்சத்துக்கும் கணக்கு இருந்தது. நான்கு விளக்கு 220 வாட். 12-ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். ஒயர் நீளம் 5 மீட்டர், தடை 0.1 ஓம். 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. ஹாலஜன் வெளிச்சம் வோல்டேஜின் சுமார் 3.4-ஆம் அடுக்குப்படி மாறும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போகும். என் விளக்கில் 40 சதவீதத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. நான் போட்ட சுவிட்ச்சோ 10 ஆம்பியர் தாங்குவது. அது உருகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இரண்டாம் முறை

முதலில் வரவு செலவு பார்த்தோம். ஜீப்பின் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர். ஆறு ஹாலஜனுக்கு 27.5, ஹெட்லைட்டுக்கு 10. அப்போதே வரவைத் தாண்டிவிட்டது. பாக்கியைப் பேட்டரிதான் கொடுக்கவேண்டும். அதனால் மேலே 18 வாட் எல்.இ.டி. நான்கு போட்டோம். 72 வாட், 6 ஆம்பியர்தான். கீழே ஃபாக் லைட் ஹாலஜனாகவே இருக்கட்டும் என்றார் ஓனர். அது 9 ஆம்பியர். ஹெட்லைட்டோடு சேர்த்து 25. மிச்சத்தில் வண்டி நிம்மதியாக ஓடும்.

அடுத்தது ஃப்யூஸ். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வந்துவிட வேண்டும். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது காப்பாற்றுவது ஒயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அதனால்தான் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மேல் விளக்குக்கு 10 ஆம்பியர், ஃபாக் லைட்டுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ். இரண்டுக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர்.

மூன்றாவது ரிலே. இதன் கால்களில் உள்ள எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வைவாவிலும் உதவும். 30-க்கு ஃப்யூஸ் வழியாக பேட்டரி. 87-இலிருந்து விளக்கு. 86-க்கு சுவிட்ச்சிலிருந்து வரும் ஒயர். 85-க்கு எர்த். சுவிட்ச் வழியாக ஓடுவது காயிலுக்கான 0.15 ஆம்பியர் அளவுதான். பெரிய கரண்ட் கேபினுக்குள் நுழைவதே இல்லை. சுவிட்ச்சுக்கான சப்ளையை ஏற்கெனவே ஃப்யூஸ் உள்ள இக்னிஷன் லைனிலிருந்து எடுத்தோம். சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86-தான் பாசிட்டிவ், மாற்றிக் கொடுக்கக் கூடாது.

நான்காவது எர்த். ஜீப்பின் கண்ணாடி ஃபிரேம் கீல்மேல் மடங்குவது. கீலில் துரு, பெயிண்ட், கிரீஸ் எல்லாம் இருக்கும். அதை நம்பி எர்த் கொடுத்தால் விளக்கு சிமிட்டும். தனி எர்த் ஒயர் இழுத்து, சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு போல்ட்டில் இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். ஃபிரேம் மடங்கும் இடத்தில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டோம்.

ஐந்தாவது, என்னைக் கவிழ்த்த அந்த ஓட்டை. அதற்கு ரப்பர் குரோமெட் போட்டோம். விலை சில ரூபாய்தான்! ஒயர் முழுக்க ஸ்லீவ். ஆட்டம் உள்ள இடத்தில் ஒரு சாணுக்கு ஒரு கிளிப். முறுக்கி டேப் சுற்றும் வேலையே கூடாது. லக் வைத்து கிரிம்ப் பண்ணி இழுத்துப் பார்க்க வேண்டும்.

முன்னால் இருக்கும் வின்ச் வெறும் காட்சிக்குத்தான். நிஜ வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியர்கூட இழுக்கும். அதற்கு விரல் தடிமன் கேபிளும் தனி சொலினாய்டும் வேண்டும்.

ரோட்டில் ஓட்டலாமா?

இந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். எதிரே வருபவன் கண்ணைக் கூசவைக்கும் விளக்கை ரோட்டில் போடுவது சட்டத்துக்கு முன்னால் மனசாட்சிக்கே விரோதம். மேல் விளக்கெல்லாம் தோப்போடு சரி என்று ஓனரிடம் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தோம்.

கடைசி நாள் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓட்டத்தில் பேட்டரிக்கும் மேல் விளக்குக்கும் வித்தியாசம் அரை வோல்ட்கூட இல்லை. அந்தக் குழந்தை மறுபடி வந்தது. ஏறி உட்காரலாமா என்று அப்பா முகத்தைப் பார்த்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பானெட்டைத் திறந்து ஃப்யூஸைக் காட்டினேன். அவர் குழந்தையைத் தூக்கி சீட்டில் வைத்தார். எந்த செமஸ்டர் மார்க்கும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை.

நாளைக்கு நீங்களும் யார் வண்டியிலாவது கை வைப்பீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் நண்பர்களே!